பருப்பு ஒட்டிப் படம்: பிள்ளைகள் பாதியில் எழுந்து போகாமல் இருக்க

கேள்வி: விடுமுறையில் 4 வயதுப் பெண்ணையும் 7 வயதுப் பையனையும் உட்காரவைத்து, பிரிண்ட் எடுத்த ஒரு மீன் படத்தில் பருப்பு ஒட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். மீதியை நான்தான் ஒட்டி முடித்தேன். சாப்பிடுகிற பொருளை வீணாக்குவதாக மாமியாருக்கு வருத்தம். சுவரில் மாட்டிய படத்திலிருந்து பிறகு வண்டு வேறு வந்தது. இதை எப்படிச் செய்தால் சரியாக வரும்?

பதில்:

பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த வேலை அவ்வளவு பெரியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடுகின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் கடுகால் நெருக்கி நிரப்ப ஏறக்குறைய 2,500 கடுகு வேண்டும். துவரம் பருப்பு என்றால் சுமார் 400. கறுப்புக் கொண்டைக்கடலை என்றால் 170, 180 போதும். ஏ4 தாளில் பாதியை அடைக்கிற மீன் என்றால் அப்படி மூன்று சதுரம். ஆயிரத்துக்கும் மேலான பருப்பை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கப் பெரியவர்களுக்கே கை ஓய்ந்துவிடும்.

அதனால் முதல் மாற்றம் அளவில்தான். 4 வயதுக்கு உள்ளங்கை அகலப் படம் போதும். 7 வயதுக்கு ஒரு போஸ்ட்கார்டு அளவு. சின்ன தானியத்தைத் தூவ வேண்டும், பெரிய தானியத்தை வைக்க வேண்டும். கடுகு, எள், கசகசா, ராகி, தினை இவற்றை யாரும் ஒவ்வொன்றாக ஒட்டத் தேவையில்லை. பசையைத் தடவி, மேலே கொட்டி, விரலால் லேசாக அழுத்தி, தாளைச் சாய்த்துத் தட்டினால் வேண்டியது நிற்கும், மீதி தட்டில் விழும். இந்தக் கொட்டித் தட்டும் வேலையைச் சின்னப் பெண் திரும்பத் திரும்பச் செய்வாள். எடுத்துவைக்கிற வேலையைப் பையனிடம் கொடுங்கள்.

இரண்டாவது மாற்றம்தான் எனக்கு முக்கியம். அச்சடித்த கோட்டுப் படத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள். வேறொருவர் வரைந்த மீனின் வயிற்றை நிரப்புவதில் பிள்ளைக்கு முடிவெடுக்க எதுவுமே இல்லை. எந்தப் பருப்பு என்பதைக்கூடப் பெரும்பாலும் நாம்தான் சொல்கிறோம். அதற்குப் பதிலாகப் பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்து, "இது எதைப் போல இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

வெள்ளைக் காராமணியைக் கையில் கொடுங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியோடு அது ஒரு கண். எந்தப் பிள்ளையும் உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு காராமணியை அருகருகே வைத்தாலே ஒரு முகம் வந்துவிடுகிறது, மூக்கும் வாயும் தானாகத் தேடிவரும். கொண்டைக்கடலையின் நுனியில் ஒரு சின்ன அலகு உண்டு. பக்கவாட்டில் திருப்பி வைத்து, கீழே பேனாவால் இரண்டு கால் போட்டால் கோழிக்குஞ்சு. வெந்தயம் உருண்டையாக இராது, சதுரப்பட்டாக இருக்கும். வரிசையாக அடுக்கினால் செங்கல் சுவர். சீரகம் புல்லும் ஆகும், முள்ளம்பன்றியின் முள்ளும் ஆகும், கண் இமையும் ஆகும். சேமியா மழை, அல்லது கூரை வீட்டின் கீற்று. ஊறாத ஜவ்வரிசி கடல் நுரை. அவலை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவைத்தால் மீன் செதில். கிராம்பில் தலையும் உடம்பும் இருப்பதால் கூட்டமாக நிற்கும் மனிதர்கள். அன்னாசிப்பூ பூவாகவும் வரும், நட்சத்திரமாகவும் வரும். பட்டை மரத்தின் அடி, பிரிஞ்சி இலை தோணி.

இவற்றை நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வேறு தோன்றும், அதுதான் நமக்கு வேண்டியது. புளியங்கொட்டையைப் பார்த்து ஒரு பெண் "எருமை குளிச்சிட்டு வந்திருக்கு" என்றாள். அந்தப் பளபளப்பான கரும்பழுப்புக்கு அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வண்ணத்துக்கும் சாயம் தேவையில்லை. மசூர் பருப்பு ஆரஞ்சு, துவரையும் கடலைப் பருப்பும் வேறு வேறு மஞ்சள், பாசிப்பருப்பு இன்னும் வெளுத்த மஞ்சள், பச்சைப்பயறு கரும்பச்சை, பட்டாணி இளம்பச்சை, ராகி செம்பழுப்பு, கொள்ளு ஒரே பிடியில் நாலைந்து பழுப்பு, கம்பு சாம்பல். நீலம் மட்டும் சமையலறையில் இல்லை. வானமும் தண்ணீரும் வேண்டுமென்றால் நீல அட்டையை அடியில் வைத்துவிடுங்கள். வீட்டில் இத்தனை வகை இல்லையா, பூஜைச் சாமான் கடையில் நவதானியப் பாக்கெட் கேளுங்கள். கோதுமை, நெல், துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்று ஒன்பதும் ஒரே பாக்கெட்டில் வந்துவிடும். கலந்து கிடந்தால் இன்னும் நல்லது, பிரிப்பதே உங்கள் மகளுக்கு ஒரு காலை நேர வேலை. கண் பெரிதான சல்லடை ஒன்று கொடுத்தால் எள் முதலில் கீழே இறங்குவதைப் பார்த்து ஆச்சரியப்படுவாள்.

இனி மாமியாரின் வருத்தம். அதை நான் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ள மாட்டேன். சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் எடுத்துப் போடு என்று சொல்லி வளர்த்துவிட்டு, அதே அரிசியைப் பசையில் ஒட்டிக் குப்பையில் போட்டால் பிள்ளைக்கே குழப்பம்தான். ஆனால் இதற்கு நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது. விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் எழுத வைக்கிறோம். எழுதி முடித்த அரிசியை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ஏனென்றால் அதில் பசை இல்லை, அரிசி அரிசியாகவே திரும்பி வருகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பத்துப் படத்தில் எட்டைப் பசையே இல்லாமல் தட்டில் செய்யலாம்.

ஒரு எவர்சில்வர் தாம்பாளம் அல்லது விளிம்பு வைத்த ட்ரே எடுங்கள். அடியில் ஒரு துணியோ கறுப்புத் தாளோ விரித்துக்கொண்டால் பருப்பு வழுக்காது. படத்தை அடுக்கட்டும், பிடிக்காவிட்டால் கலைக்கட்டும், மறுபடி அடுக்கட்டும். பசையில் வைத்ததை மாற்ற முடியாது. தட்டில் யானை காலை நான்கு முறை நகர்த்தலாம். 7 வயதுப் பையனுக்கு இது மிகவும் வேண்டும், ஏனென்றால் அந்த வயதில்தான் "நான் வரைஞ்சது அது மாதிரி இல்லை" என்ற வருத்தம் ஆரம்பிக்கிறது. முடிந்ததும் நேர் மேலே இருந்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பிரித்து டப்பாவில் போடச் சொல்லுங்கள். சமைக்கும்போது எப்படியும் கழுவத்தான் போகிறோம். கலந்துபோன பருப்பை அடை மாவுக்கு ஊறப்போட்டுவிடலாம்.

ரவையைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி விரலால் வரைவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சீப்பை அதில் இழுத்தால் அலை வரும். உழுத வயல், கடற்கரை, மயில்தோகை எல்லாம் இந்த ஒரு சீப்பிலிருந்து வந்துவிடும்.

நிரந்தரமாக வைக்கவேண்டிய படங்களுக்கு, சமையலறையில் நாம் தூக்கியெறியும் பொருளை முதலில் பாருங்கள். வெங்காயத் தோலைப் போல அழகான தாள் கடையில் கிடைக்காது. பெரிய வெங்காயத்தின் தோல் ஊதாவும் செம்பும் கலந்து, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரியும். பட்டாம்பூச்சி இறகுக்கும் புடவை மடிப்புக்கும் அதை அடிக்க வேறொன்றும் இல்லை. பூண்டுத் தோல் மல்லிகை இதழ். வேர்க்கடலை ஓட்டின் சொரசொரப்பு முதலையின் முதுகு. சப்போட்டா விதை, பூசணி விதை, முற்றிய பாகற்காயின் சிற்பம் போன்ற விதை, புளியங்கொட்டை, மூன்று பக்கமும் காகித இறகு வைத்த முருங்கை விதை இவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்து ஒரு பாட்டிலில் சேருங்கள். வேகவைத்த முட்டையின் ஓட்டை நொறுக்கினால் பதிகல் போல ஒட்டலாம். பச்சை முட்டை ஓடு வேண்டாம், அதில் கிருமி இருக்கக்கூடும். சேர்க்கிற பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள். எந்தக் கொட்டை நன்றாகக் காயும், எது பூஞ்சை பிடிக்கும் என்பது அவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

சீதாப்பழ விதை கறுப்பாகப் பளபளவென்று ஆசை காட்டும். ஆனால் அதன் உள்பருப்பு விஷத்தன்மை உள்ளது, நசுங்கிக் கண்ணில் பட்டால் மோசமாகப் புண்படுத்தும். அதை விட்டுவிடுங்கள்.

படம் நன்றாக வருவதற்கு ஒரே ஒரு நுட்பம் சொல்லவேண்டும் என்றால் அது திசை. கொட்டிவைத்த சீரகம் வெறும் சீரகம். தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே போக்கில் படுக்கவைத்த சீரகம் ரோமம். நீளமான தானியம் எல்லாமே கோடுகள்தான். அரிசி, நெல், சீரகம், சோம்பு, கோதுமை எதுவானாலும் உடம்பின் வளைவோடு போனால் உடம்பு உருண்டு தெரியும். இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். பூனையைத் தடவும்போது கை எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள், போதும்.

உடைத்த பருப்புக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. தட்டைப் பக்கம் பசையில் பட்டால் உறுதியாக நிற்கும், குவிந்த பக்கம் வெளிச்சத்தில் மின்னும். முழு உளுந்தும் மிளகும் உருளும், அதனால் அவற்றுக்குப் பசை கெட்டியாக வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலக் கண்காட்சியில் 1965 முதல் விதைப்படங்களுக்கென்றே ஒரு பகுதி நடக்கிறது. அந்த மாநிலத்தில் விளையும் பயிர்களின் விதைகளை ஒட்டி மனித முகங்களைக்கூடச் செய்கிறார்கள். லில்லியன் கோல்டன் என்ற பெண்மணி அதில் மிகவும் பெயர்பெற்றவர். அந்த முகங்களில் கன்னத்தின் நிழலைப் பாருங்கள். நிழலுக்குப் பெயிண்ட் எடுப்பதில்லை, ஒரே பழுப்பில் இன்னும் கொஞ்சம் கருத்த விதையைத் தேடி வைக்கிறார்கள். தெற்கு டகோட்டாவின் மிட்செல் நகரில் சோள அரண்மனை என்ற கட்டடமும் இருக்கிறது. முதலில் கட்டியது 1892இல். அதன் வெளிச்சுவர்ச் சித்திரங்களைப் பல நிறச் சோளக் கதிர்களாலேயே அமைத்து, அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். உங்கள் பையனுக்கு இந்தப் படங்களைப் போனில் காட்டுங்கள். பருப்பு ஒட்டுவது சின்னப் பிள்ளை வேலை என்று அவன் சொல்ல ஆரம்பிக்கும் வயதில் இது நன்றாக உதவும்.

ஒரு படத்தை முழுதாகச் சொல்கிறேன், இதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும். காகம் செய்யுங்கள். முதலில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கூட்டிப்போய் ஒரு காகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "காக்கா என்ன கலர்?" என்றால் கறுப்பு என்பார்கள். நன்றாகப் பார்த்தால்தான் நம் வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம் என்பது கண்ணில் படும். உள்ளே வந்து அந்தச் சாம்பலைத் தேடட்டும். கம்பு கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் கண்டுபிடிப்பு அதுதான்.

தட்டில் முதலில் உடம்பு. தோல் உளுந்தை ஒரு மாங்காய் வடிவில் கூட்டச் சொல்லுங்கள். தலைக்கு ஒரு சின்னக் குவியல். இரண்டுக்கும் நடுவே கம்பு. இறக்கைக்குக் கருஞ்சீரகமோ கறுப்பு எள்ளோ. அது உளுந்தைவிட நுணுக்கமாக இருப்பதால் ஒரே கறுப்பிலேயே இறக்கை தனியாகத் தெரியும். வாலுக்குப் பட்டையின் நீளமான சிம்பு இரண்டு, அலகுக்கு முனை கூரான ஒரு சிம்பு. கால்களுக்குக் கிராம்பு. கண்ணுக்கு என்ன வைப்பது என்று அவர்களே சண்டை போடட்டும். மிளகு வைத்தால் கறுப்பில் கறுப்பு மறைந்துபோகும், அதனால் அடியில் ஒரு ஜவ்வரிசியோ துண்டு முட்டை ஓடோ வைக்கவேண்டியிருக்கும். அதை அவர்களே தெரிந்துகொள்ளட்டும். காகத்தின் வாயில் வடை வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். அரை கொண்டைக்கடலை வடையாகிவிடும்.

தட்டில் திருப்தியாக வந்தபிறகு அட்டைக்கு மாற்றுங்கள். சாதாரண ஏ4 தாள் பசை ஈரத்தில் சுருண்டு, காய்ந்ததும் பருப்பைத் துப்பிவிடும். இனிப்புப் பெட்டியின் மூடி, பழைய கல்யாணப் பத்திரிகை, பார்சல் வந்த அட்டைப் பெட்டி இவை தாங்கும். பாக்குமட்டைத் தட்டு எனக்கு மிகவும் பிடித்த தளம். தட்டின் விளிம்பு பருப்பை உருண்டோட விடாது, அதன் பழுப்பு ரேகையே பாதிப் பின்னணியைப் போட்டுக்கொடுத்துவிடும், மாட்டுவதற்கு மேலே ஒரு ஓட்டை போட்டால் போதும்.

பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் நல்லது. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, கையில் பட்டால் தண்ணீரில் போய்விடும். ஐஸ் குச்சியால் தடவட்டும். படம் முழுவதும் ஒரேயடியாகத் தடவாதீர்கள், ஒரு மூலையை முடிப்பதற்குள் மறுமூலை காய்ந்துவிடும். முதலில் கண், அலகு, கால் போன்ற பெரிய துண்டுகள். அப்புறம் ஓரத்து வரிசை. கடைசியில் உள்ளே நிரப்புவது. ஓரம் சுத்தமாக இருந்தால் உள்ளே கொஞ்சம் கலைந்தாலும் உருவம் கெடாது. இரவு முழுக்கக் கிடைமட்டமாக வைத்துக் காயவிடுங்கள், ஃபேனை நேராக வைக்காதீர்கள், பூண்டுத் தோலெல்லாம் பறந்துவிடும். சட்டென ஒட்டும் பசையும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

வீட்டிலேயே காய்ச்சும் மைதாப் பசையும் வேலை செய்யும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல ஆகும். எள்ளும் தோலும் இதில் ஒட்டும், கொண்டைக்கடலை நிற்காது. போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். பிள்ளைகள் தொடும் பசையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்க்காவிட்டால் கரப்பான் தேடிவரும் என்பதும் உண்மை, அதனால் மாட்டிவைக்கும் படத்துக்கு மைதாவை நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் வந்த வண்டு வெளியிலிருந்து வந்திருக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை, ஒட்டும்போதே அது உள்ளே இருந்திருக்கும். பயறு வண்டு விதையின் தோல்மேல் முட்டையிடும். பச்சைப்பயறிலோ காராமணியிலோ வெள்ளையாக ஒரு ஊசிமுனைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராக விதைக்குள் துளைத்து, உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வட்டமான ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நம் ஊர்ச் சூட்டில் இது முழுவதும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதனால்தான் அன்றைக்குச் சுத்தமாக இருந்த படம் சில வாரங்களில் ஓட்டையாகிறது. உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. முழுப் பயறுகளை ஒட்டுவதற்கு முன் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்காதீர்கள், குளிர் போகும்வரை விட்டால்தான் ஈரம் கோக்காது. ஃப்ரீஸர் இல்லாவிட்டால் வெறும் வாணலியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து ஆறவிடலாம். பூச்சி விழுந்த பழைய பயறை இதற்கென்று ஒதுக்குகிறவர்கள் பலர். தாராளமாக ஒதுக்குங்கள், ஆனால் இந்த வேலையைச் செய்யாமல் ஒட்டாதீர்கள்.

படம் காய்ந்தபின் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்தால் தானியம் உதிராது, தூசியும் படியாது. அப்படியும் இது பல வருடம் இருக்கவேண்டிய பொருள் இல்லை. சில மாதம் பார்த்து மகிழ்ந்து, போட்டோவை வைத்துக்கொண்டு, படத்தை எடுத்துவிடலாம்.

பத்திரமாகச் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவு உள்ளவை. உங்கள் மகளுக்கு 4 வயது என்பதால் நீங்கள் பக்கத்திலேயே உட்காரவேண்டும், அடுப்பைக் கவனித்துக்கொண்டு நடுநடுவே எட்டிப்பார்ப்பது போதாது. இந்த வயதில் மூக்கிலும் காதிலும் பயறைப் போட்டுக்கொள்வது சாதாரணமாக நடப்பது. போட்டுக்கொண்டால் ஊசி, ஹேர்ப்பின் எதையும் விட்டு எடுக்க முயலாதீர்கள், தண்ணீரும் எண்ணெயும் ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டால் பயறு ஊதி இன்னும் இறுகிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். பிள்ளை சொல்லாமல் மறைத்து, சில நாள் கழித்து ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வந்தாலும் இதே சந்தேகம்தான். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள், சிதறிய ஒவ்வொரு கடுகுக்கும் ஒரு நிழல் தெரியும்.

சமைக்காத ராஜ்மாவில் நச்சு இருக்கிறது, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் போகும். வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அது வேண்டாம். வரமிளகாய் கிளி மூக்குக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அதைத் தொட்ட விரல் கண்ணுக்குப் போகும். காரம் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. தொட்டுவிட்டால் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். குன்றிமணியையும் இங்கே சொல்லியாகவேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம் என்பதால் பல வீடுகளில் மீதி ஒரு டப்பாவில் கிடக்கும். சிவப்பும் கறுப்புமாக அதைவிட அழகான விதை இல்லை, அதைவிடக் கொடிய விதையும் வீட்டில் இல்லை. உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் கைவேலைப் பெட்டியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காராமணி இருக்கும்போது கண்ணுக்கு அது தேவையும் இல்லை.

தானியமே வேண்டாம் என்று தோன்றும் நாளில் மஞ்சளை எடுங்கள். ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஹேண்ட் சானிடைசரிலோ தண்ணீரிலோ குழைத்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சானிடைசரில் மஞ்சள் நன்றாகக் கரையும், அந்தக் குழைக்கும் வேலை உங்களுடையது. பிறகு சாதாரணக் கட்டிச் சோப்பை நனைத்துத் தேய்த்த தண்ணீரில் பிரஷ்ஷைத் தொட்டு வரையச் சொல்லுங்கள். மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு வரும். குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டால் சிவக்கிறதே, அதே சங்கதி. மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்கும்போதும் அதுதான் நடக்கிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும், எழுதியதை அழித்த மாதிரி. வெயில் படும் இடத்தில் மாட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும், அலமாரிக்குள் வைத்தால் நிற்கும். பழுப்புக்குக் காபி டிகாக்‌ஷன் பூசலாம், அது அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. பீட்ரூட் சாறு முதல் நாள் அழகு, சில நாளில் மங்கிவிடும்.

தின்றே தீர்க்கக்கூடிய படமும் உண்டு. தோசை மாவைச் சாஸ் பாட்டிலில் ஊற்றி, பிள்ளை சொல்கிற உருவத்தின் கோட்டை மட்டும் முதலில் கல்லில் விடுங்கள். அது கொஞ்சம் சிவந்ததும் மேலே சாதாரண மாவை ஊற்றினால், திருப்பும்போது கோடு கருத்தும் மீதி வெளுத்தும் படம் தெரியும். எழுத்து எழுதினால் திருப்பும்போது இடவலம் மாறிவரும், அதைப் பையன் ஒரு புதிராகவே எடுத்துக்கொள்வான். அடுப்புப் பக்கம் நிற்பது நீங்கள்தான், அவன் தாளில் வரைந்து கொடுக்கட்டும்.

விதை ஒட்டுவதைவிட எனக்குப் பிடித்த இன்னொன்று, விதையை முளைக்கவிட்டுச் செய்யும் படம். தென்மாவட்டத் திருவிழாக்களில் முளைப்பாரி பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு தட்டில் செய்யலாம். பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ நனைத்துத் தட்டில் பரப்புங்கள். மகளுடைய பெயரின் முதல் எழுத்தை அதன்மேல் கடுகால் எழுதட்டும். கோடு ஒரு விரல் தடிமன் இருந்தால் நல்லது. வறுத்ததும் ஃப்ரீஸரில் வைத்ததும் இதற்கு வேண்டாம், உடைத்த பருப்பும் முளைக்காது. கடுகு, வெந்தயம், முழுப் பச்சைப்பயறு நன்றாக வரும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வேலை அவளுடையது. ஊற்றினால் விதை மிதந்து எழுத்து கலைந்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், ஒரு வாரத்தில் எழுத்து பச்சையாக எழுந்து நிற்கும். ஜன்னல் பக்கம் வைத்தால் வெளிச்சத்தை நோக்கிச் சாயும். தினமும் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும், அல்லது ஒரு நாள் திருப்பாமல் விட்டு என்ன ஆகிறது என்று பார்க்கவிடுங்கள். வெந்தயத்தில் எழுதியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டிப் பருப்பில் போடலாம், மாமியாரிடமே கொடுங்கள்.